ஆடுகளமும் திரையும் – 17: மெல்லச் சுழலும் பந்து

2012 செப்டம்பர் 18, செவ்வாய்க்கிழமை. அமெரிக்கக் கால்பந்தின் புதிய சீசன் தொடங்கி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. என்.எஃப்.எல். லீகுக்கும் நடுவர்களுக்கும் சம்பளம், ஓய்வூதியம் பற்றித் தகராறு. வழக்கமான நடுவர்களை வெளியே நிறுத்திவிட்டு, கிடைத்தவர்களை வைத்து ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. அந்த மாற்று நடுவர்கள் ஊதிய ஒவ்வொரு விசிலையும் திட்டித் தீர்ப்பதுதான் ரசிகர்களுக்கு அந்த மாதத்து முழுநேர வேலை. அதற்கு நடுவில் நியூஜெர்சியிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஸ்டீவ் சேபல் காலமானார். ஒன்றரை ஆண்டு மூளைக்கட்டியோடு போராடியவர். எழுபது வயது நிறைய இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

சேபல் என்.எஃப்.எல்.லில் ஒரு நாள்கூட ஆடியதில்லை. எந்த அணிக்கும் பயிற்சியாளராக இருந்ததில்லை, எந்த அணிக்கும் முதலாளியும் இல்லை. என்.எஃப்.எல். ஃபிலிம்ஸ் என்ற பட நிறுவனத்தின் தலைவர், அவ்வளவுதான். ஆனாலும் பிட்ஸ்பர்க் ரசிகரும் ஓக்லண்ட் ரசிகரும் டல்லாஸ் ரசிகரும், ஒருவரையொருவர் ஜென்மப் பகையாளியாகப் பார்க்கிறவர்கள், ஒரே ஆளுக்காகத் துக்கப்பட்டார்கள். அவர்கள் சொன்ன ஞாபகங்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன. சிறுவயதில் டி.வி. முன் உட்கார்ந்து பார்த்த அரைமணி நேரப் படங்கள். கனத்த ஓர் ஆண்குரல். பித்தளை வாத்தியங்கள் முழங்கும் இசை. வீட்டுக் கொல்லையில் பந்தை வேண்டுமென்றே மெதுவாக எறிந்து, மெதுவாக ஓடி, மெதுவாக விழுந்து, வாயாலேயே பின்னணி இசையையும் போட்டுக்கொண்ட விடுமுறை நாட்கள்.

அந்தத் துக்கத்தைச் சற்று உற்றுப் பார்த்தால் ஒரு விசித்திரம் புலப்படும். தாங்கள் பிறப்பதற்கு முன்னால் நடந்த ஆட்டங்களைக்கூடப் பலர் நேரில் கண்டதுபோலவே விவரித்தார்கள். 1967 டிசம்பர் 31 அன்று கிரீன் பேயின் கொடும் பனியில் வீரர்களின் வாயிலிருந்து கிளம்பிய ஆவி. 1972இல் பிட்ஸ்பர்க்கின் ஃபிராங்கோ ஹாரிஸ், தரையைத் தொடவிருந்த பந்தைக் காலணி உயரத்தில் அள்ளிக்கொண்டு ஓடியது. இதையெல்லாம் அவர்கள் கண்ட கோணமும் வேகமும் சேபலின் ஆட்கள் தேர்ந்துகொடுத்தவை. கோடிக்கணக்கானோர் தங்கள் சொந்த ஞாபகம் என்று நம்பிக்கொண்டிருப்பது ஒரே பட்டறையின் சரக்கு என்றால், அந்தப் பட்டறைக்குள் போய்ப் பார்க்காமல் இந்தத் தொடர் நகர முடியாது.

சென்ற இதழில் 1958 இறுதியாட்டத்தையும், 1960இல் 33 வயதில் லீகின் கமிஷனரான பீட் ரோசெலையும் பார்த்தோம். எல்லா அணிகளின் ஒளிபரப்பு உரிமையையும் ஒன்றாகச் சேர்த்து விற்க 1961 சட்டம் வழிவிட்டது, சி.பி.எஸ். ஆண்டுக்கு 46.5 லட்சம் டாலர் கொடுத்தது. ஆட்டம் வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆனால் வந்த ஆட்டம் எப்படி இருந்தது? கூரைக்கு அருகில் வைத்த கேமரா, கறுப்பு வெள்ளைப் படம், கீழே எறும்புகள்போல் 22 பேர். முட்டை வடிவப் பந்தை ஏந்தி ஓடுவதும் எறிவதுமாகச் சில நொடி. பிறகு எல்லோரும் எழுந்து தூசி தட்டி, கூடிப் பேசி, மறுபடி வரிசை கட்ட அரை நிமிடம். மூன்று மணி நேர ஒளிபரப்பில் பந்து உண்மையில் நகரும் நேரத்தைக் கூட்டினால் கால் மணிகூடத் தேறாது. பேஸ்பால்தான் தேசிய ஆட்டம் என்று பாடப்புத்தகம்போல ஒப்பித்துக்கொண்டிருந்த நாட்டில், இந்த இடைவெளிகள் நிறைந்த ஆட்டத்துக்குக் காவிய அந்தஸ்து வாங்கிக் கொடுத்தவர் ஓர் ஓவர்கோட் வியாபாரி.

எட் சேபல், ஸ்டீவின் அப்பா. 1916இல் அட்லாண்டிக் சிட்டியில் பிறந்த யூதர். கல்லூரி நாட்களில் பெயர் பெற்ற நீச்சல்காரர். ஹிட்லர் கட்டிய குளத்தில் நீந்த மாட்டேன் என்று 1936 பெர்லின் ஒலிம்பிக் வாய்ப்பை மறுத்ததாகச் சொல்வார். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் தரைப்படை வீரர். ஊர் திரும்பியதும் மாமனாரின் கம்பெனியில் ஓவர்கோட் விற்கும் வேலை. சம்பாத்தியத்துக்குக் குறைவில்லை, மனசுதான் ஒட்டவில்லை. மாமியார் கல்யாணத்துக்குக் கொடுத்த 16 மி.மீ. பெல் அண்ட் ஹோவெல் கேமரா ஒன்று இருந்தது. சாவி முடுக்கினால் ஓடும் ரகம். மகனின் முதல் முடிவெட்டு, முதல் குதிரைச் சவாரி, பிறகு பள்ளிக்கூட மைதானத்தில் அவன் ஆடிய ஒவ்வொரு கால்பந்து ஆட்டம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் சுருட்டி வைத்தார். நாற்பது வயது தாண்டிய பிறகு ஒரு நாள் வியாபாரத்தை உதறிவிட்டு, மகள் பிளேரின் பெயரில் பிளேர் மோஷன் பிக்சர்ஸ் என்று கம்பெனி தொடங்கினார். மாமியார் கொடுத்த சீரால் மாமனார் கடையை விட்டுப்போன மாப்பிள்ளை!

1962 இறுதியாட்டத்தைப் படமாக்கும் உரிமைக்கு எட் கேட்ட விலை 3,000 டாலர். முந்தைய ஆண்டு போன தொகையைப்போல் இரு மடங்கு. உறையைப் பிரித்துப் பார்த்த ரோசெலுக்குப் பணத்தைப் பார்த்துச் சந்தோஷம், அனுபவத்தைப் பார்த்துக் கவலை. மகன் ஆடியதைத் தவிர இந்த ஆள் வேறு எதையும் எடுத்ததில்லையே! எட் ஓவர்கோட் விற்றவர் அல்லவா, பேசியே கமிஷனரை வழிக்குக் கொண்டுவந்தார். பிறகு கொலராடோவில் படித்துக்கொண்டிருந்த மகனைத் தொலைபேசியில் கூப்பிட்டார். உன் மதிப்பெண்களைப் பார்த்தேன், கால்பந்து ஆடுவதையும் சினிமா பார்ப்பதையும் தவிர நீ வேறொன்றும் செய்ததாகத் தெரியவில்லை, இந்த வேலைக்கு உன்னைவிடத் தகுதியான ஆள் கிடைக்க மாட்டான் என்று சொல்லி வரச் சொன்னார். இந்தக் கதையை ஸ்டீவ் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 30, நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். கிரீன் பே பேக்கர்ஸுக்கும் நியூயார்க் ஜயண்ட்ஸுக்கும் ஆட்டம். உறைநிலைக்குப் பல டிகிரி கீழே குளிர், அதன்மேல் ஆளைத் தள்ளும் காற்று. கேமராக்கள் உறைந்தன, ஃபிலிம் கண்ணாடித் துண்டுபோல முறிந்தது. வீரர்கள் உட்காரும் பள்ளத்தில் தீ மூட்டிக் கேமராவைச் சூடாக்கி எடுத்துவந்தார்கள். கிரீன் பே 16-7 என்று வென்றது. அந்த ஆண்டு வெளியான போர்ப்படம் ஒன்றின் பெயரைத் தழுவி எட் தன் படத்துக்குத் தலைப்பு வைத்தார்: ‘ப்ரோ ஃபுட்பால்ஸ் லாங்கஸ்ட் டே’. இதுவரை வந்த கால்பந்துப் படங்களில் இதுவே சிறந்தது என்றார் ரோசெல். கமிஷனரின் கணக்கு அதோடு நிற்கவில்லை. லீகுக்கு வேண்டியது தன் சொந்தப் படக்கம்பெனி என்று அவருக்குப் புரிந்துவிட்டது. 1960களின் நடுவில் 14 அணி முதலாளிகளும் ஆளுக்கு 20,000 டாலர் போட்டார்கள். பிளேர் மோஷன் பிக்சர்ஸ், என்.எஃப்.எல். ஃபிலிம்ஸ் ஆனது. ஒவ்வோர் ஆட்டத்தையும் படமெடுப்பது, ஆண்டுக்கொரு முறை ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறப்புத் தொகுப்பு செய்து கொடுப்பது என்று ஒப்பந்தம்.

இனி மகன். ஸ்டீவ் எப்பேர்ப்பட்ட ஆள் என்று தெரிய அவருடைய கல்லூரிக் கூத்தைச் சொல்லியாக வேண்டும். கொலராடோ கல்லூரியில் அவர் கலை வரலாறு படித்தார், கால்பந்து அணியிலும் ஆடினார். பிலடெல்பியாவின் பணக்காரப் புறநகரில் வளர்ந்த பையன் என்றால் யார் பயப்படுவார்கள்? அதனால் தன் ஊரை மாற்றிக்கொண்டார். முதலில் பென்சில்வேனியாவில் ஒரு சுரங்க ஊர். அப்படி ஓர் ஊரே கிடையாது. பிறகு மிசிசிப்பியில் பாசம் ட்ராட் என்ற ஊர். பெயரையும் ‘சடன் டெத் சேபல்’ என்று வைத்துக்கொண்டார். தன்னைப் பற்றித் தானே செய்திக் குறிப்பு எழுதினார், தன் பெயர் போட்ட பனியன்களும் பட்டன்களும் அடித்தார், விளம்பரம் கொடுத்தார். பேர் பரவியது, வட்டாரச் சிறந்த வீரர்கள் பட்டியலிலும் இடம் கிடைத்தது. 1965இல் ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ இதழ் இந்த முழு மோசடியையும் ரசித்துக் கட்டுரை வெளியிட்டது. ஒரு சாதாரண வீரனை எப்படிச் சொன்னால் புராண நாயகன் ஆவான் என்ற வித்தையை முதலில் தன்மேலேயே சோதித்துப் பார்த்தவர் கையில் ஒரு தேசத்து ஆட்டம் வந்து சேர்ந்தது. நடக்க வேண்டியது நடந்தது.

அதற்கு முன் விளையாட்டுப் படம் என்றால் ஓர் அச்சு உண்டு. ராணுவ பேண்டு இசை, படபடவென்று பேசும் வர்ணனையாளர், யார் எத்தனை கெஜம் ஓடினார் என்ற கணக்கு. ஸ்டீவ் இதை உடைத்த படம் 1967இன் ‘தே கால் இட் ப்ரோ ஃபுட்பால்’. அரைமணிக்கும் குறைவான படம், எழுதியவர் ஸ்டீவ். தொகுப்புக்கு நியூயார்க்கிலிருந்து யோஷியோ கிஷி என்ற சினிமா எடிட்டரைக் கூட்டிவந்தார்கள். கிஷிக்குக் கால்பந்து பற்றி ஒன்றும் தெரியாது. அதுவே வசதியாகிப்போனது. எந்த ஆட்டத்தில் எந்த நிமிடத்தில் நடந்தது என்ற கவலை இல்லாமல், மோதலுக்குப் பக்கத்தில் மோதலையும் ஓட்டத்துக்குப் பக்கத்தில் ஓட்டத்தையும் ஒட்டினார். ஆட்டத்தின் முடிவைச் சொல்லும் படம் போய், ஆட்டத்தின் உணர்ச்சியைச் சொல்லும் படம் வந்தது. விரலில் சுற்றிய நாடா, மண் அப்பிய நகம், மூக்கில் வழியும் ரத்தம், ஹெல்மெட்டின் கம்பிகளுக்குப் பின்னால் இரண்டு கண்கள். கைகளை இவ்வளவு அருகில் காட்டும் ஆசை, ‘டூயல் இன் தி சன்’ என்ற 1946ஆம் ஆண்டு ஹாலிவுட் படத்தில் பாறையைப் பற்றி ஏறும் ரத்தம் தோய்ந்த கைகளைப் பார்த்தபோது வந்தது என்பார் ஸ்டீவ். சினிமாக் கொட்டகையில் செலவழித்த கல்லூரி நேரம் வீண் போகவில்லை.

படத்துக்குக் குரல் வேண்டுமே. பிலடெல்பியாவில் டபிள்யு.சி.ஏ.யு. நிலையத்தில் பல ஆண்டுகளாகச் செய்தி வாசித்துவந்தவர் ஜான் ஃபசெண்டா. மதுக்கடை ஒன்றில் டி.வி.யில் ஓடிய என்.எஃப்.எல். ஃபிலிம்ஸ் படத்தை அவர் தன் பாட்டுக்கு உரக்க விவரித்துப் பேசிக்கொண்டிருக்க, அங்கிருந்த எட் காதில் அது விழுந்ததாம். இறங்கி இறங்கிப் போகும் அடித்தொண்டைக் குரல்; அவசரமே இல்லாத உச்சரிப்பு. ஒரு சாதாரணத் தொடுகோட்டுப் பந்தை ஃபசெண்டா வர்ணித்தால் ஏதோ சாம்ராஜ்யம் சரிந்த செய்திபோல இருக்கும். ரசிகர்கள் அதைக் கடவுளின் குரல் என்றே அழைத்தார்கள். 1974இல் ஓக்லண்ட் ரைடர்ஸ் அணிக்காக ஸ்டீவ் எழுதிய ‘தி ஆட்டம் விண்ட்’ என்ற சிறு கவிதையை ஃபசெண்டா வாசிக்க, அது அந்த அணியின் கீதமாகவே ஆகிவிட்டது. இலையுதிர்காலக் காற்றைக் கடற்கொள்ளைக்காரனாக உருவகித்த வரிகள். கவிதை என்று பார்த்தால் சுமார்தான். அந்தக் குரலில் கேட்டவர்களிடம் அப்படிச் சொல்லிவிட்டுத் தப்ப முடியாது.

இசைக்கு ஆள் ஜெர்மனியில் கிடைத்தார். சான் ஃபிரான்சிஸ்கோக்காரரான சாம் ஸ்பென்ஸ், மியூனிக்கில் இருந்துகொண்டு அங்குள்ள ஆர்கெஸ்ட்ராவை வைத்துப் பதிவுசெய்து அனுப்பினார். கௌபாய்ப் படங்களின் கம்பீரமும் துப்பறியும் படங்களின் துள்ளலும் கலந்த இசை. குடித்துவிட்டுக் கிடக்கும் மாலுமியைப் பற்றிய பழைய கப்பல் பாட்டு ஒன்றைக்கூட அவர் எடுத்து ட்ரம்பெட்டுக்கும் ட்ராம்போனுக்கும் கொடுத்து, கால்பந்து ரசிகர்கள் முணுமுணுக்கும் மெட்டாக்கினார்.

கேமராக்காரர்களுக்கு எட் வைத்த பட்டப்பெயர்கள் ரகளையானவை. மைதானத்தின் நடுக்கோட்டுக்கு நேரே உயரத்தில், அசையாமல் ஸ்டாண்டில் நின்று முழு ஆட்டத்தையும் எடுப்பவர் ‘மரம்’. தோளில் கேமராவோடு கோட்டோரமாக ஊர்ந்து, தரைமட்டத்திலிருந்து எடுப்பவர் ‘மூஞ்சூறு’. மூன்றாமவர் ‘மரநாய்’, ஆட்டத்தைத் தவிர எல்லாவற்றையும் எடுப்பது அவர் பொறுப்பு. பெஞ்சில் தலை குனிந்திருப்பவன், மழையில் நனையும் கிழவர், கத்திக் கத்தித் தொண்டை கட்டிய பயிற்சியாளர் எல்லாம் மரநாயின் கணக்கு. படத்தில் உயிரிருந்த இடங்கள் பெரும்பாலும் அவர் கொண்டுவந்தவை என்றுதான் தோன்றுகிறது.

இதில் கடினமான வித்தை, எறிந்த பந்தைப் பின்தொடர்வது. நீண்ட லென்ஸில் பந்து மட்டும் திரையை நிறைக்க வேண்டும். அது சுழன்றபடி வானத்தில் மிதந்து, கடைசியில் இரண்டு கைகளுக்குள் போய் அடங்க வேண்டும். பந்து எங்கே போகும் என்று எறிபவனுக்கே நிச்சயமில்லாத நேரத்தில், கேமராக்காரர் கையாலேயே ஃபோகஸைத் திருப்பிக்கொண்டு போவார். ஸ்லோ மோஷன் வேண்டுமென்றால் ஃபிலிம் வேகமாக ஓட வேண்டும். 400 அடி கொண்ட 16 மி.மீ. சுருள் சாதாரண வேகத்தில் 11 நிமிடம் வரும். ஐந்து மடங்கு வேகத்தில் ஓட்டினால் இரண்டே கால் நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதாவது, எப்போது பொத்தானை அழுத்த வேண்டும், எப்போது விட வேண்டும் என்று ஆட்டத்தை முன்கூட்டியே படிக்கத் தெரிந்தவன்தான் அங்கே வேலைக்கு ஆவான். முக்கியமான பந்து பறக்கும்போது சுருள் மாற்றிக்கொண்டிருந்தால் கதை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை இரவு நாடெங்குமிருந்து சுருள்கள் விமானத்தில் வந்து சேரும். அவர்களே கழுவி, அவர்களே வெட்டி ஒட்டுவார்கள்.

படத்தைப்போலவே ஒலியிலும் ஒரு திருப்பம் வந்தது. பயிற்சியாளர்கள் சட்டைக்குள் மைக் வைக்கும் பழக்கம் 1967 படத்திலேயே பிலடெல்பியாவின் ஜோ குஹாரிக்கிடம் தொடங்கியது. அதன் உச்சம் 1970 ஜனவரி 11, நியூ ஆர்லியன்ஸில் நடந்த நான்காவது சூப்பர் பௌல். கன்சாஸ் சிட்டி சீஃப்ஸின் பயிற்சியாளர் ஹேங்க் ஸ்ட்ராமிடம் ரகசியமாகப் பேசி மைக் மாட்டிவிட்டார்கள். குள்ளமான மனிதர், நேர்த்தியான கோட்டு, கையில் குழலாய்ச் சுருட்டிய காகிதம். மின்னசோட்டாவை எல்லோரும் பெரிதாக நினைத்திருக்க, ஸ்ட்ராமின் ஆட்கள் அவர்களைப் புரட்டியெடுத்தார்கள். கோட்டோரத்தில் ஸ்ட்ராம் மேலும் கீழும் நடக்கிறார், தனக்குத் தானே சிரிக்கிறார், தன் வீரர்களைச் செல்லமாக அழைக்கிறார், நடுவர்களைச் சீண்டுகிறார், தான் சொன்ன ஆட்ட உத்தி பலித்து டச்டவுன் விழுந்ததும் பள்ளிப் பையன்போலக் குதிக்கிறார். ஆட்டம் 23-7. யார் ஜெயித்தார்கள் என்பதை மறந்தவர்களுக்கும் அந்தச் சிரிப்பு ஞாபகமிருக்கிறது. பயிற்சியாளர் என்றால் இறுகிய முகம் என்றிருந்த எண்ணம் அந்த ஒரே படத்தில் கலைந்தது.

1970களில் இந்தப் படங்கள் நாட்டின் எல்லா மூலைக்கும் போயின. திங்கட்கிழமை இரவு ஆட்டங்களின் இடைவேளையில், முந்தைய நாள் ஆட்டங்களின் துண்டுகளை ஓட்டி வர்ணனையாளர் ஹோவர்ட் கோசெல் பேசுவார். அந்தச் சில நிமிடத்துக்காகவே விழித்திருந்த சிறுவர்கள் உண்டு. வீரர்கள் வழுக்கி விழுவதும் பந்து தலையில் பட்டுத் தெறிப்பதுமாக ‘ஃபுட்பால் ஃபாலீஸ்’ என்ற நகைச்சுவைத் தொகுப்பு 1968இலேயே வந்துவிட்டது. தன்னையே கேலி செய்துகொள்ளும் துணிச்சல் அன்றைய விளையாட்டு உலகில் அரிது. 1972இல் காலப் கருத்துக் கணிப்பில் கால்பந்து முதல்முறையாக பேஸ்பாலை முந்தியது. அந்தப் பெருமை முழுவதும் சேபல்களுக்கே என்று எழுதினால் டி.வி. கம்பெனிகள் சண்டைக்கு வரும், நியாயமும் அவர்கள் பக்கம் கொஞ்சம் உண்டு. ஆனாலும் கால்பந்து வீரனைப் போர்வீரனாகப் பார்க்கும் பார்வை டி.வி.யிலிருந்து வந்ததல்ல.

ஒப்பந்தப்படி ஜெயித்த அணிக்கும் படம், தோற்ற அணிக்கும் படம். 1976இல் ஆடிய 14 ஆட்டத்திலும் தோற்ற டாம்பா பேவுக்கும் பெருமையாக ஏதாவது சொல்லியாக வேண்டும். எடிட்டர்களின் கற்பனை வளம் அங்கேதான் சோதிக்கப்பட்டது. ஜெயிக்கும் அணியானால் சொல்லவே வேண்டாம். 1978 சீசனுக்கு டல்லாஸ் கௌபாய்ஸ் படத்தைச் செய்த பாப் ரயன், வெளியூர் மைதானங்களிலும் கூட்டத்தில் டல்லாஸ் சட்டைகள் தெரிவதைக் கவனித்தார். படத்துக்கு ‘அமெரிக்காஸ் டீம்’ என்று தலைப்பு வைத்தார். ஓர் எடிட்டர் ஆண்டுத் தொகுப்புக்கு வைத்த தலைப்பு, அந்த அணியை நேசிப்பவர்களும் வெறுப்பவர்களும் இன்றுவரை சொல்லும் பட்டமாகிவிட்டது.

இங்கே சங்கடமான ஒரு கேள்வியும் இருக்கிறது. சேபல்கள் சம்பளம் வாங்கியது லீகிடம். ஆட்டத்தின் ஞாபகத்தை எழுதியவரே ஆட்டத்தின் முதலாளிக்கு வேலை செய்தவர். அமெரிக்கக் கம்பெனிகளின் வரலாற்றிலேயே இதைவிடத் திறமையான பிரச்சார அமைப்பு இருந்திருக்குமா என்று ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ ஒருமுறை எழுதியது. பாராட்டும் குத்தலும் சரிபாதி. ஸ்டீவ் இதற்கு மழுப்பவில்லை. தன் வேலை செய்தி சொல்வதல்ல, ஆட்டத்தைக் கலையாகப் பார்ப்பது என்பதே அவர் நிலை. ஆனால் அந்தக் கலையில் மண்டையோடு மண்டை மோதும் காட்சிகளுக்கு இசைதான் சேர்ந்ததே தவிர, மோதிய பிறகு அந்த ஆள் வீட்டுக்குப் போய் என்ன ஆனான் என்பது பல காலம் சேரவில்லை. 1980களில் பலத்த மோதல்களை மட்டும் கோத்து ‘க்ரஞ்ச் கோர்ஸ்’ என்று வீடியோ கேசட்டே வந்தது.

2002இல் இறந்த பிட்ஸ்பர்க் வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையைப் பரிசோதித்த டாக்டர் பென்னெட் ஒமாலு, தொடர்ந்து அடிபட்டதால் வந்த சிதைவைக் கண்டறிந்தார். ஸ்டீவ் இறப்பதற்கு நாலரை மாதம் முன்பு, 2012 மே மாதம், ஜூனியர் சியாவ் என்ற புகழ்பெற்ற வீரர் தற்கொலை செய்துகொண்டார். அடுத்த மாதம் முன்னாள் வீரர்கள் ஆயிரக்கணக்கானோர் பிலடெல்பியா மத்திய நீதிமன்றத்தில் லீகுக்கு எதிராக ஒருங்கிணைந்த மனு தாக்கல் செய்தபோது, வன்முறையைப் புகழ்ந்து விற்றதாக என்.எஃப்.எல். ஃபிலிம்ஸின் படங்களையும் அதில் சுட்டிக்காட்டினார்கள். செப்டம்பரில் துக்கப்பட்ட ரசிகர்களுக்கு இதெல்லாம் தெரியாததல்ல. தெரிந்தேதான் துக்கப்பட்டார்கள்.

குரலுக்கும் ஒரு வழக்கு வந்தது. ஃபசெண்டா 1984 செப்டம்பரில் புற்றுநோயில் இறந்தார். இறப்பதற்குச் சற்று முன் அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம், தன் பதிவுகளைப் பயன்படுத்தலாம், ஆனால் எந்தப் பொருளுக்கும் சிபாரிசாகப் பயன்படுத்தக் கூடாது என்றது. இருபது ஆண்டு கழித்து ‘மேடன்’ வீடியோ கேம் பற்றிய நிகழ்ச்சி ஒன்றில் அவருடைய குரல் சில நொடி ஒலித்தது. மகன் நீதிமன்றம் போனார். 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த நிகழ்ச்சி விளம்பரத்துக்குச் சமம் என்று கருதியது. செத்த பிறகும் சில நொடிக்காக வழக்காட வேண்டிய அளவுக்கு ஒரு குரலுக்கு மதிப்பு ஏறியிருந்தது.

2011 மார்ச்சில் கன்சாஸ் சிட்டியில் ஒரு விருது நிகழ்ச்சிக்குப் போயிருந்த ஸ்டீவுக்கு வலிப்பு வந்தது. பரிசோதனையில் மூளைக்கட்டி தெரிந்தது. ஆகஸ்ட் 6 அன்று ஒஹையோ மாநிலம் கேன்டனில் உள்ள கால்பந்துப் புகழ்மண்டபத்தில் எட் சேபலுக்கு இடம் கொடுத்தார்கள். வயது 94, சக்கர நாற்காலி. அவரை அறிமுகம் செய்தவர், சிகிச்சையில் இருந்த மகன். ஒளிப்பதிவு, எழுத்து, தொகுப்பு, இயக்கம், தயாரிப்பு என்று வெவ்வேறு பிரிவுகளில் 35 எம்மி விருது வாங்கிய ஸ்டீவ், அன்று அப்பாவின் பெயரைச் சொல்வதற்காக மட்டும் வந்திருந்தார். அடுத்த ஆண்டு மகன் போய்விட, எட் புத்திர சோகத்தோடு இரண்டரை ஆண்டு நெருங்க வாழ்ந்து, 2015 பிப்ரவரியில் அரிசோனாவில் 98 வயதில் மறைந்தார்.

ஸ்டீவ் போன மூன்றாம் மாதம், 2012 டிசம்பரில், அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய தேசியத் திரைப்படங்களின் பட்டியலில் ‘தே கால் இட் ப்ரோ ஃபுட்பால்’ படத்தைச் சேர்த்தது. 2014 சீசனில் நிறுவனம் ஃபிலிமைக் கைவிட்டு டிஜிட்டலுக்கு மாறியது. அதற்குள் நியூஜெர்சியின் மவுண்ட் லாரலில் 10 கோடி அடிக்கும் மேல் ஃபிலிம் சேர்ந்திருந்தது. லீகின் நூற்றாண்டை ஒட்டித் தேர்ந்த 2020ஆம் ஆண்டுப் பட்டியலில் ஸ்டீவுக்கும் கேன்டனில் இடம் கிடைத்தது. அப்பாவும் மகனும் இப்போது ஒரே மண்டபத்தில் வெண்கலத் தலைகளாக இருக்கிறார்கள். இருவருமே லீகில் ஒரு பந்தையும் எறியாதவர்கள்.

திங்கட்கிழமை இரவு என்று மேலே போகிற போக்கில் சொன்னோமே, அது தனிக் கதை. வார நாளில் யார் கால்பந்து பார்ப்பார்கள் என்று மற்றவர்கள் தயங்கிய இடத்தில் ஏ.பி.சி.யின் ரூன் ஆர்லெட்ஜ் துணிந்து இறங்கினார். 1970 செப்டம்பர் 21 அன்று கிளீவ்லண்டில் முதல் ஆட்டம். நாடே திட்டிக்கொண்டு, ஆனால் டி.வி.யை அணைக்காமல் கேட்ட ஹோவர்ட் கோசெலோடு அடுத்த இதழில் சந்திப்போம்.